குளிரா, நின்ற நேரமா: பழைய டீசல் காரின் காலைச் சிரமம்

பழைய டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கத் தொடங்கியதும் பலர் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். அதில் சரியாகாவிட்டால், குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளை மாற்றுகிறார்கள். பிறகு டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: வண்டி சிரமப்படுவது குளிரினாலா, நெடுநேரம் நின்றதினாலா? விடியற்காலையில் இவ்விரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால் குளிர் தாக்குவது சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தை. நின்ற நேரம் தாக்குவது டீசல் வரும் வழியை. இரண்டுக்கும் மருந்து வேறு.

பிரித்தறிய முதல் சாட்சி சைலன்சரிலிருந்து வரும் புகை. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு வண்டியின் பின்புறம் நின்று பாருங்கள். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றும்போதே வெண்புகை வந்து, அதில் எரியாத டீசல் வாடையும் அடித்தால், டீசல் சிலிண்டருக்குள் போய்ச் சேருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். எவ்வளவு சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை. இந்த ஒரு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

வெண்புகை வரும் வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துவதால் உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். முன்னறை (டீசல் முதலில் பற்றும் சிறு அறை) கொண்ட பழைய இன்ஜின்களில் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. சூடேறிய இன்ஜினில் அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றுவதற்கு 200 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். அப்படியானால் இடைவெளி தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் குளிர்ந்த உலோகச் சுவர்கள் அந்தச் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் உறிஞ்ச இன்னும் அதிக அவகாசம் கிடைக்கிறது, தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் காற்றும் கசிகிறது. முன்னறையில் சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால், இவ்வகை இன்ஜின்கள் மிதமான குளிரில்கூட ஹீட்டர் பிளக்கை நம்பியே எழுகின்றன.

ஹீட்டர் பிளக்கைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். டேஷ்போர்டில் சுருள்போல எரியும் மஞ்சள் விளக்கு, பெரும்பாலான பழைய கார்களில், பிளக்குகள் சூடாகிவிட்டன என்பதற்குச் சான்று அல்ல. அது ஒரு டைமரின் கணக்குப்படி எரிந்து அணைகிறது. நான்கு பிளக்குகளும் இறந்து கிடந்தாலும் அதன்பாட்டுக்கு எரியும், அணையும். அதனால்தான் ஒரு பிளக் பழுதானபோது யாரும் கவனிப்பதில்லை: வண்டி மூன்று சிலிண்டரில் எழுந்து, சிறிது நேரம் குலுங்கி, வெண்புகை விட்டுப் பிறகு சீராகிவிடுகிறது. இரண்டாவது பிளக்கும் போகும் நாளில்தான், திடீரென்று வந்த கோளாறுபோலத் தோன்றுகிறது.

சோதிக்கும் முறை கடினமானதல்ல. பிளக்குகளின் தலைகளை இணைக்கும் உலோகப் பட்டையை முதலில் கழற்றிவிட வேண்டும். அது இருக்கும்வரை ஒரு நல்ல பிளக் மற்றவற்றின் குறையை மறைத்துவிடும். பிறகு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் பிளக்கின் உள்ளே கம்பி அறுபடவில்லை. மல்டிமீட்டர் இருந்தால் நல்ல பிளக் பொதுவாக ஏறக்குறைய ஒரு ஓமோ அதற்குக் குறைவாகவோ காட்டும். நான்கும் நன்றாக இருந்தும் சூடேறவில்லை என்றால், சாவியைப் போட்ட நிலையில் அந்தப் பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் கோளாறு அங்கேதான் இருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேவை ஒட்டி ஒரு பட்டை பியூஸ் இருக்கிறது. பார்வைக்கு முழுதாகத் தெரிந்தது. விரல் நகத்தால் லேசாக நிமிர்த்தியபோதுதான் திருகாணிக்கு அருகே மயிரிழை அளவு விரிசல் கண்ணில் பட்டது. பிளக்குகளில் ஒன்றுகூடப் பழுதில்லை.

பிளக்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அவசரம் கூடாது. ஆண்டுக்கணக்கில் கரி பிடித்து இறுகிய பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் முரட்டுத்தனமாகத் திருகினால் அது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள்ளேயே முறிந்துபோகும். பிறகு ஹெட்டைக் கழற்ற நேரிடலாம். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது, சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுப்பதே பாதுகாப்பு.

சுற்றும் வேகம் இதற்கு அடுத்தது. குளிரில் பேட்டரியின் திறன் வெகுவாகக் குறைகிறது. சுமார் மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே வேளையில் இன்ஜின் ஆயிலும் கெட்டிப்பட்டுச் செல்ஃபுக்குச் சுமையைக் கூட்டுகிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்து, 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இறங்கவில்லை, ஆனாலும் சுற்றல் மந்தமாக இருக்கிறது என்றால், பேட்டரியைக் குறை சொல்லாமல் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் வயரைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அதன் முனை பச்சை பூத்துக் கிடப்பது சர்வசாதாரணம். கழற்றிச் சுரண்டி, சுத்தமாக்கி, இறுக்கிப் பூட்டினாலே செல்ஃபின் குரல் மாறிவிடும். ஆயிலையும், கையேடு அனுமதித்தால், குளிர் எண் (W எழுத்துக்கு முன் வரும் எண்) குறைந்த வகைக்கு மாற்றலாம்.

இனி புகையே வராத வண்டி. பகலில் வெயிலில் நின்றாலும் சரி, இரவில் நின்றாலும் சரி, நின்ற நேரத்துக்கு ஏற்பச் சுற்றல் நீண்டுகொண்டே போகிறது. எழுந்த பிறகு சில நொடிகள் தடுமாறி, பிறகு ஒன்றும் நடவாததுபோல ஓடுகிறது. இது டீசல் குழாயில் ஏர் பிடிப்பதன் அடையாளம். டேங்கிலிருந்து பம்ப் வரையிலான வழி உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்குள்ள விரிசலில் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே புகுந்துவிடும். குழாயில் நின்ற டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கிவிடும். கீழே கறை இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இதை உறுதிப்படுத்த ஒரு எளிய வழி, முகப்பு தாழ்ந்திருக்கும்படி சரிவில் வண்டியை இரவு முழுவதும் நிறுத்திப் பார்ப்பது. டேங்க் பம்பைவிட உயரத்தில் இருந்து, மறுநாள் வண்டி சட்டென்று எழுந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இன்னும் துல்லியமாக அறிய, பம்புக்குள் நுழையும் இடத்தில் டீசலைத் தாங்கும் ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது அதில் குமிழிகள் ஊசிமுனை அளவில் வரிசையாக ஓடிவருவதைப் பார்த்தால், இத்தனை சிறிய காற்றா இவ்வளவு தொல்லை தருகிறது என்று வியப்பாக இருக்கும். பில்டரின் ரப்பர் வளையம், கையால் அழுத்தி டீசலை ஏற்றும் பிரைமரின் வால்வு, இன்ஜெக்டர்களை இணைக்கும் நூல் பின்னிய ரிட்டர்ன் பைப், அதன் கடைசி அடைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ரிட்டர்ன் பைப் மலிவானது, மாற்றுவதும் எளிது. வெடித்துச் சொரசொரத்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

கடுங்குளிர்ப் பகுதிகளில் மட்டும் இன்னொரு காரணமும் உண்டு: டீசலில் மெழுகு உறைந்து பில்டரை அடைப்பது. பருவத்துக்கு ஏற்ற டீசலை நிரப்புவதும், பில்டரின் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுவதும்தான் இதற்குத் தீர்வு.

ஈதர் ஸ்ப்ரே அடித்து வண்டியை எழுப்பும் பழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில், சிவந்த பிளக்கின்மேல் ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்துவிடும். ரிங் உடையலாம், பிஸ்டன் விரிசல் விடலாம். சில விநாடிச் சிரமத்தைத் தவிர்க்கப் போய் இன்ஜினையே இழக்க நேரும்.

பிளக்கும் சுற்றலும் டீசல் வரும் வழியும் சரியாக இருந்தும் வெண்புகை நிற்கவில்லை என்றால், பம்ப் டைமிங்கையும் (டீசல் தெளிக்கப்படும் தருணம்) கம்ப்ரஷனையும் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு தொடங்கிய சிரமம் என்றால் முதலில் டைமிங். சில பழைய பம்புகளில் குளிருக்காகவே டைமிங்கை முன்கூட்டும் அமைப்பு உண்டு. அதன் கேபிளோ தெர்மோஸ்டாட்டோ இறுகிப்போயிருந்தால், வேறு எல்லாம் நன்றாக இருந்தும் காலையில் மட்டும் வண்டி திணறும். கம்ப்ரஷன் குறைவாக வந்தாலும் உடனே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். வால்வு இடைவெளி குறைந்துபோய், வால்வு முழுமையாக மூடாமல் இருந்தாலும் அளவு அப்படித்தான் காட்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜால் அளந்து சரிசெய்துவிட்டு மறுபடி ஒருமுறை கம்ப்ரஷன் பாருங்கள்.