இடுக்கைப் பார்த்தீங்களா?

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது காய்ச்சல் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப்பை ஐந்து நாள் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கியது, ஆனால் வயிறு போக ஆரம்பித்தது. நாளைக்கு ஏழெட்டுத் தடவை. மதுரையில் அப்போது சித்திரை வெயில் வேறு. ஒருநாள் காலை டயப்பரை அவிழ்த்தால் பின்பக்கம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருக்கிறது. தண்ணீர் பட்டதும் வீல் என்று அலறினாள்.

"வெந்து போச்சேம்மா பிள்ளைக்கு. அந்தப் பிளாஸ்டிக்கை மாட்டாதேன்னு அன்னைக்கே சொன்னேன்ல," என்றார் அத்தை. சொன்ன கையோடு பவுடர் டப்பாவை எடுத்துவந்து கொட்டினார். நானும் தடுக்கவில்லை. என் பங்குக்கு, வாசனை வைப்ஸால் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக வைத்தால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

ராத்திரி இவர் மருந்துக்கடைக்குப் போய், டயப்பர் புண்ணுக்கு என்று கேட்டு ஒரு ட்யூப் வாங்கிவந்தார். அட்டையில் மூன்று மருந்துப் பெயர்கள் இருந்தன. தடவிய மறுநாளே பாதிச் சிவப்பைக் காணோம்! இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. இந்த முறை தொடை இடுக்குக்குள்ளும் இறங்கியிருந்தது. ஓரத்தைச் சுற்றிக் கடுகைச் சிதறவிட்ட மாதிரி குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளிகள்.

குழந்தைகள் டாக்டர் பின்பக்கத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். தொடை மடிப்பை இரண்டு விரலால் விரித்து, "இடுக்கைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஈரமும் உரசலும் மட்டும் காரணமாக இருந்தால் டயப்பர் ஒட்டுகிற மேட்டுப் பகுதிதான் சிவக்கும், மடிப்புக்குள் தோல் பெரும்பாலும் தப்பித்துவிடும். மடிப்பும் சிவந்து சுற்றிலும் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை என்று சந்தேகப்பட வேண்டுமாம். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடுவதால் கேண்டிடா என்கிற பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. வாயிலும் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். நல்லவேளை, இல்லை.

அப்புறம் நாங்கள் கொண்டுபோன ட்யூபைத் திருப்பிப் படித்தார். "பீட்டாமெத்தசோன் இருக்கு. ஸ்டீராய்டும்மா இது. சிவப்பை அமுக்கிக் காட்டும், உள்ளே பூஞ்சை பாட்டுக்கு வளரும். டயப்பரைப் போட்டு மூடினா தோல் இன்னும் அதிகமா உறிஞ்சும், மெலிஞ்சும் போகும். இனிமே தொடாதீங்க." இவர் அவரைப் பார்க்காமல் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதிக் கொடுத்தது இரண்டே க்ரீம்தான். பூஞ்சையைக் கொல்ல க்ளோட்ரிமசோல் 1%, காலையும் மாலையும் மெல்லிசாக. அதற்கு மேல் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஜிங்க் ஆக்சைடு. "தோசைக்கல்லுல எண்ணெய் தேய்க்கிற மாதிரி இல்லம்மா, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. தோல் நிறம் தெரியக் கூடாது."

அதற்கப்புறமும் ஒரு தப்புச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளைப் பசை முழுக்கப் போகும்வரை தேய்த்தெடுத்தேன். பிள்ளை கத்தினாள். போன் போட்டுக் கேட்டதும் டாக்டர் சிரித்துவிட்டார். மலம் பட்ட மேல் அடுக்கை மட்டும் எடுத்தால் போதுமாம், மிச்சம் இருக்கிற பசைதான் தோலுக்குக் காவல். குளிப்பாட்டுவதற்கு முன் ஒரு தடவை மட்டும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒற்றினால் தானாக இளகி வந்துவிடுகிறது. வைப்ஸை நிறுத்திவிட்டு, சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து ஊற்றிக் கழுவினேன். சோப்பு கிடையாது. பழைய வேட்டித்துணியால் ஒற்றி, இரண்டு நிமிடம் ஃபேன் காற்றில் காயவிட்ட பிறகுதான் க்ரீம்.

பவுடருக்கும் தடை வந்தது. தூள் காற்றில் பறந்து குழந்தையின் நெஞ்சுக்குள் போகும் என்று டாக்டர் சொன்னதும் அத்தைக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் காற்றாட விடச் சொன்னது அவர் கட்சிக்கு ஜெயம். கூடத்தில் ரப்பர் ஷீட், அதன் மேல் வேட்டித்துணி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அரைமணி நேரம் ஒன்றும் போடாமல் கிடந்தாள். தவழ்ந்து போய் இவர் விரித்துவைத்திருந்த பேப்பரின் மேல் மூச்சா போனதும் அந்த வாரம்தான்.

இரண்டாம் நாளே கழுவும்போது அலறல் நின்றது. ஐந்தாம் நாள் புள்ளிகள் வெளுத்துவிட்டன. ஆனாலும் டாக்டர் சொன்னபடி இன்னும் சில நாள் க்ளோட்ரிமசோலை விடாமல் தடவினேன். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, காய்ச்சல், கொப்புளம், சீழ் என்று எது வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

டயப்பரா துணியா என்ற சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால், நனைந்த துணியோடு ஒரு மணி நேரம் கிடப்பதைவிட நல்ல டயப்பர் தேவலை. அது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காக "இன்னும் நிரம்பலையே" என்று விட்டுவைத்ததுதான் என் குற்றம். சிறுநீரும் மலமும் கலந்தால் அமோனியா உண்டாகி, மலத்தில் இருக்கும் செரிமான நொதிகளுக்கு வேகம் கூடிவிடுமாம். அதுதான் தோலை அரிக்கிறது. இப்போது பகலில் துணி, நனைந்ததும் மாற்றிவிடுவோம். வெளியே போனாலும் ராத்திரியும் டயப்பர். விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் மாற்றுகிறோம், ஆய் போனால் அந்த நிமிடமே. இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். வயிறு போகிற நாளில் சிவப்பு தெரியும் முன்னாலேயே ஜிங்க் க்ரீம் பூசிவிடுவேன்.

அந்தப் பழைய ட்யூபை இவர் அன்றைக்கே குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். மறுநாள் பார்த்தால் சாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. "காசு கொடுத்து வாங்குனதும்மா. என் கணுக்கால் அரிப்புக்காவது ஆகுமேன்னு எடுத்து வச்சேன்," என்றார் அத்தை.