ஒரு கடவாய்ப் பல்லுக்குப் பதினோரு நாள்

போன மாதம் ஒரு பல்லைப் பிடுங்க எங்களுக்குப் பதினோரு நாள் ஆனது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன், வளர்ச்சிக் குறைபாடு உள்ள, 18 தாண்டிய பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு உதவும்.

வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் வீட்டில் நெருக்கடி என்று அழைப்பு வந்தால் ஓடுகிற வேலை எனக்கு, வேலூர் சுற்றுவட்டாரத்தில். அந்தப் புதன்கிழமை போனது காட்பாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு. அந்த வீட்டுத் தம்பிக்கு 26 வயது, ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு, பேச்சு கிடையாது. மூன்று நாளாகச் சுவரில் தலையை மோதுகிறான், தடுக்கப் போன அம்மாவின் கையைக் கடித்திருக்கிறான். நான் உள்ளே நுழையும்போது சொந்தக்காரர்கள் மூன்று பேர் அவனைக் குப்புறப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் அவர்களை எழுப்பினேன். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள், மூச்சு நின்றுவிடும், உயிரே போயிருக்கிறது. டிவியை அணைத்து, ஆட்களை வெளியே அனுப்பி, அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலையணையைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் அடங்கினான்.

அதற்கு முன்பே ஒரு இடத்தில் காட்டி, தூக்க மாத்திரை வாங்கி வந்திருந்தார்கள். "இவங்களுக்கு இப்படித்தாம்மா வரும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். பேச முடியாத ஒருவர் திடீரென்று தன்னைத்தானே அடித்துக்கொண்டால் முதலில் வலியைத் தேட வேண்டாமா? பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வலிப்பு மாத்திரை விட்டுப்போனதா, இவ்வளவையும் பார்த்த பிறகுதான் மற்றது. சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "முறுக்குன்னா உசுரு மேடம், நாலு நாளா தொடல. சோத்தைக்கூட ஒரு பக்கமாவே மெல்றான்" என்றார் அக்கா, அதாவது அவன் அம்மா. இடது தாடை லேசாக வீங்கியிருந்தது.

மறுநாள் பல் டாக்டர் பார்த்து, சீழுக்கும் வலிக்கும் மாத்திரை கொடுத்து, முழு மயக்கத்தில்தான் எடுக்க முடியும் என்றார். சரி என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேர்க்கை கவுன்ட்டரில் இருந்தவர், "18 தாண்டிட்டாரு, அம்மா கையெழுத்து செல்லாது, பாதுகாவலர் சான்று கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு கொடுக்கிற சான்று அது. பெற்ற தாயாக இருந்தாலும், 18 தாண்டிய பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை தானாக வராது என்பதும் உண்மை. ஆனால் மனு, விசாரணை, குழுக் கூட்டம் என்று நாள் பிடிக்கிற காரியம், அதுவரை அந்தத் தாடை என்ன ஆகும்? அங்கேயே நின்று டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சான்றுக்கு ஓடினேன், அது என் தப்பு.

வெள்ளிக்கிழமை சான்றுக்காக வேலூரில் வரிசையில் நின்ற பிறகுதான் தெரிந்தது, ஆதாரில் இருப்பது ஆற்காட்டு முகவரி. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. அவனுடைய பழைய மாற்றுத்திறனாளி அடையாளப் புத்தகத்தில் வேலூர் மாவட்டம் என்று இருந்ததை நம்பிவிட்டேன். பிரிவதற்கு முன் வாங்கிய காகிதம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் ஆதாரைப் பாருங்கள்.

அடுத்து திங்கட்கிழமை ராணிப்பேட்டை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் தம்பியையும் கூட்டிப் போனோம். குறைதீர்க்கும் நாள், கூட்டமும் மைக் சத்தமுமாக இருந்தது. பத்தே நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். வெளியே ஒரு மர நிழலில் அவனை உட்கார வைத்து நான் காவல் இருக்க, அக்கா மட்டும் உள்ளே போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். அவசியம் இல்லாமல் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள், போனாலும் திங்கட்கிழமை வேண்டாம்.

புதன் இரவு மறுபடி சுவரில் மோதி நெற்றி கிழிந்தது. வியாழக்கிழமை அதே ஆஸ்பத்திரிக்குப் போய், கவுன்ட்டரில் நிற்காமல் நேராக மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த டாக்டரம்மா வந்து நெற்றியையும் தாடையையும் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒரு வாரம் அலைஞ்சீங்க?" என்றார். இரண்டு டாக்டர்கள் சிகிச்சை உடனே தேவை என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள், சான்று கேட்காமல் அக்காவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பல் எடுப்பதாக முடிவானது. அதற்கு நான் அவனைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: எது பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாது, வலித்தால் என்ன செய்வான், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. அதைப் படித்துவிட்டு முதல் கேஸாக எடுத்தார்கள், மயங்கும்வரை அக்காவைப் பக்கத்தில் இருக்கவிட்டார்கள், ஆஸ்பத்திரி உடையைப் போடச்சொல்லி வற்புறுத்தவில்லை. இந்த ஒரு பக்கத்தை எல்லாரும் இன்றே எழுதி வையுங்கள். கடவாய்ப் பல்லோடு பக்கத்துச் சொத்தைப் பல்லும் வந்தது. அதற்குப் பிறகு தலையை மோதவே இல்லை.

பாதுகாவலர் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. விசாரணைக்கு வீட்டுக்கு யாராவது வந்தால், முதலில் டிவியை அணைத்துவிட்டு எனக்கு போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.