சுண்டெலி சீரத்தில் ஈபிஓ: பிளேட்டுக்கு முன்னால் நடப்பவை

எரித்ரோபொய்ட்டின் (சுருக்கமாக ஈபிஓ) அளக்க வேண்டும் என்று எங்கள் ஆய்வகத்தில் யாராவது வந்தால், முதலில் எலைசா கிட்டின், அதாவது ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிறத்தால் அளக்கும் கிட்டின், கையேட்டைத்தான் கேட்பார்கள். கொடுக்கிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: இந்தச் சுண்டெலியிடம் கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், ஈபிஓ ரத்த இழப்புக்குப் பதில் சொல்கிற ஹார்மோன். ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகத்தின் சில செல்கள் இதைச் சுரக்கத் தொடங்கும். இது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுவாக வளர வேண்டிய இளம் செல்களைச் சாகாமல் காப்பாற்றும். ஆக்சிஜன் குறைந்த சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இதன் அளவு ஏறிவிடும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிலிட்டருக்குள்தான். அதில் 200 மைக்ரோலிட்டர் எடுத்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. மறுநாள் அதே எலியிடம் மறுபடி எடுத்துப் பார்த்து ‘மருந்து வேலை செய்கிறது, ஈபிஓ ஏறியிருக்கிறது’ என்றால், ஏற்றியது மருந்தா, முந்தைய நாள் ரத்தம் எடுத்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் நேர வரிசையில் பார்க்க வேண்டிய சோதனை என்றால், ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனி எலிகளை ஒதுக்கச் சொல்வேன். எலிகள் கூடுதலாகத் தேவைப்படும், நெறிமுறைக் குழுவுக்கும் காரணம் சொல்ல வேண்டும். சொல்லலாம், காரணம் வலுவானது. மருந்து கொடுக்காத குழுவிலும் அதே அளவு ரத்தம், அதே நேரத்தில் எடுக்க வேண்டும். மயக்க மருந்திலும் கவனம் தேவை. ஆழ்ந்த மயக்கத்தில் மூச்சு மந்தமாகி ஆக்சிஜன் இறங்கும். நீண்ட அறுவை சிகிச்சைக்குப் பின் எடுத்த சாம்பிளையும், சட்டென்று எடுத்த சாம்பிளையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது.

சரி, ரத்தம் வந்துவிட்டது. 150 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நல்ல சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) 60, 70 தேறினால் அதிர்ஷ்டம். பல கிட்டுகள் பிளேட்டில் உள்ள ஒரு சிறு குழிக்கு 50 கேட்கும், இரட்டைக் குழி போட்டால் 100. இந்தக் கணக்கை எலியைத் தொடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். நீர்த்துத்தான் போட முடியும் என்றால், நீர்த்த பிறகும் அளவு அதே விகிதத்தில் இறங்குகிறதா என்று ஒரு சாம்பிளிலாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் நன்றாக உறைவதற்கு நேரம் கொடுங்கள், அவசரப்பட்டு சென்ட்ரிஃபியூஜில் வைக்காதீர்கள். சுற்றி எடுத்ததும் குழாயை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். சீரம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன, அதை அந்தக் குழாயின் பெயருக்கு நேரே நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் புரதம் கெடும்.

பிளேட் வேலையை நான் நீட்டப் போவதில்லை, கையேட்டில் எல்லாம் இருக்கிறது. நிறம் வரும் கட்டத்தை மட்டும் சொல்கிறேன். ஸ்டாண்டர்ட் வரிசையில், அதாவது ஈபிஓ அளவு முன்பே தெரிந்த கரைசல்களின் வரிசையில், அடர் நீலத்திலிருந்து கிட்டத்தட்ட நிறமே இல்லாதது வரை படிப்படியாக இறங்கும். அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும். நிறம் தரும் திரவத்தை எந்த வரிசையில், எந்த வேகத்தில் ஊற்றினீர்களோ அதே வரிசையில், அதே வேகத்தில் அமிலத்தையும் ஊற்றுங்கள். இங்கே அளப்பது பிகோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கடைசி வரிசைக்கு அரை நிமிஷம் கூடுதலாகக் கிடைத்தாலும் எண்ணில் தெரியும். மிகக் குறைந்த ஸ்டாண்டர்டுக்கும் கீழே வந்த சாம்பிளைப் பூஜ்ஜியம் என்று எழுதாதீர்கள். ‘அளவெல்லைக்குக் கீழே’ என்று எழுதுங்கள்.

கிட் சுண்டெலிக்கானதாகவே இருக்கட்டும். மனித ஈபிஓவும் சுண்டெலி ஈபிஓவும் ஐந்தில் நான்கு பங்கு ஒரே மாதிரி. மனித ஈபிஓவை எலிக்குப் போட்டால் வேலையும் செய்யும். ஆனால் ஆன்டிபாடி பார்ப்பது புரதத்தின் ஒரு சிறு முகத்தை மட்டும்தான், அந்த முகம் வேறாக இருந்தால் பிடிக்காது.

எலைசா வருவதற்கு முன்பு சுண்டெலியே அளவுகோலாக இருந்தது. 1961-இல் கோட்ஸ், பாங்ஹாம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விவரித்த முறை அது. குறைந்த காற்றழுத்தத்தில் எலிகளை வைத்துச் சிவப்பணுக்களைப் பெருகச் செய்வார்கள். சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்ததும் அவற்றின் சொந்த ஈபிஓ அடங்கிவிடும். அப்புறம் சாம்பிளை ஊசியில் ஏற்றி, கதிரியக்க இரும்பையும் கொடுத்து, புதிய சிவப்பணுக்களில் எவ்வளவு இரும்பு சேர்ந்தது என்று எண்ணுவார்கள். 1977-இல் ஆய்வாளர்கள் மியாக்கேயும் கோல்ட்வாசர் குழுவினரும் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து மனித ஈபிஓவைப் பிரித்தெடுத்த காலத்தில், ஈபிஓ அளவு என்றாலே அது ஓர் உயிர் காட்டும் பதில்தான். அந்தப் பார்வையை இன்றைய கிட் யுகத்திலும் விடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதற்காகத்தான் ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடத்தை அடைக்கின்றன என்ற எண், இல்லாத ஈபிஓ அட்டவணையை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டு எலிகளுக்கு ஒரே ஈபிஓ அளவு வந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்றின் ஹீமடோகிரிட் 45, மற்றதன் ஹீமடோகிரிட் 25. முதலாவது ஆரோக்கியமான எலி. இரண்டாவதற்கு இவ்வளவு ரத்தசோகையில் ஈபிஓ பல மடங்கு ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. அந்தச் ‘சாதாரண’ எண்தான் அதன் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம் என்று சொல்கிறது. ரத்தம் எடுக்கும்போதே ஒரு கேபிலரியில் (மெல்லிய கண்ணாடிக் குழாயில்) கொஞ்சம் பிடித்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிட்டால் ஹீமடோகிரிட் கிடைத்துவிடும். கிடைமட்ட அச்சில் அதையும், செங்குத்து அச்சில் மடக்கை அளவில் ஈபிஓவையும் வைத்து வரையுங்கள். ரத்தசோகை வந்தாலும் சிறுநீரகம் நன்றாக உள்ள எலிகள் இடப்பக்கம் மேலேறும் ஒரு சரிவில் வரிசையாக விழும், சிறுநீரகம் கெட்டவை அந்தச் சரிவுக்குக் கீழே தனியாக நிற்கும்.