சல்சாவுக்குக் காது பழக்கிய மாரிகாலம்

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் ஒரு விடுதியின் மொட்டைமாடியில், சீசன் மாதங்களில், வாரத்துக்கு இரண்டு மாலை சல்சா நடன வகுப்பு நடந்தது. மே மாதம் சேர்ந்தேன். செப்டெம்பர் முடிவதற்குள் சுற்றுகள், கைமாற்றுகள் என்று இருபது அசைவு வரை பழகியிருந்தேன். சிறுவயதில் பரதம் படித்து, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாம் தரம் வரை செய்தவள் என்பதால் தாளத்தில் எனக்குக் குறை வராது என்று நம்பியிருந்தேன். கடைசி வகுப்பில் நான் ஆடியதைச் சித்தியின் மகள் போனில் எடுத்தாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அக்கா, பாட்டை இடையில நிப்பாட்டியிருந்தாலும் நீங்க இப்பிடியேதானே ஆடியிருப்பீங்க?”

அந்த வீடியோவை அன்றிரவு எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. அவள் சொன்னது சரி. 1, 2, 3 வைத்து 4இல் தங்கி, 5, 6, 7 வைத்து 8இல் தங்கி, எண்ணிக்கை ஓரிடத்திலும் தப்பவில்லை. ஆனால் பாடகர் மெல்லத் தொடங்கும் இடத்திலும், ட்ரம்பெட்டுகள் எழும்பி முழங்கும் இடத்திலும் என் உடம்பு ஒரேமாதிரித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒக்டோபரில் வகுப்பு நின்றது. பிறகு மாரி. மழை விடாத அந்த மூன்று மாதத்தில் புதிதாக ஒரு ஸ்டெப்பும் பழகவில்லை, கேட்க மட்டும் பழகினேன். பரதமோ மிருதங்கமோ படித்துவிட்டுச் சல்சா பக்கம் வருகிறவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். போனின் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகாதீர்கள். பேஸ் வாத்தியத்தின் அடிநாதம் அதில் அநேகமாகக் காணாமலே போய்விடும், பேஸ் இல்லாமல் சல்சா விளங்காது. சாதாரண இயர்போன் போதும். பாட்டும் ஒன்றே ஒன்று போதும். நான் ஒரு மாதம் முழுக்க ஒரே பாட்டைத்தான் கேட்டேன். 1964இல் ஜானி பச்சேக்கோவும் ஜெரி மசூச்சியும் நியூயோர்க்கில் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பதிவுகள் இதற்கு நல்லவை. கியூபாவின் சோன் இசை அந்த நகரத்தில் வளர்ந்து சல்சா என்ற பெயரோடு பரவிய காலத்து வாசிப்பு அது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பிடிக்கலாம்.

இனிக் கிளாவே. இரண்டு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடிகள்தான் அது, பாட்டு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. கட்டைச் சத்தம் வெளியே கேட்காத பாட்டிலும் மற்ற எல்லாரும் அதற்கு இசைந்தே வாசிப்பார்கள். ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சல்சாவின் எட்டு எண்ணிக்கையை ஒரு ஆவர்த்தனமாக, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றாக, வையுங்கள். கையால் தாளம் போட்டுக்கொண்டு வாயால் “தக்” என்று கிளாவேயைச் சொல்லுங்கள். முதல் தட்டில் ஒன்று, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் சரி நடுவில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. பிறகு வரும் தட்டில் வாய் மூடியிருக்க வேண்டும். அடுத்த வீச்சில் ஒன்று, அதையடுத்த தட்டில் ஒன்று. கடைசி வீச்சு மௌனம். இதுதான் மூன்று-இரண்டு கிளாவே. இரண்டு-மூன்று என்றால் பாதிகள் இடம் மாறும்: சுண்டுவிரல், மோதிரவிரல், அடுத்த தட்டு, ஆறுக்கும் ஏழுக்கும் நடு, கடைசி வீச்சு.

கேட்க லேசாக இருக்கும். அந்த “சரி நடுவில்” வரும் அடிதான் என்னைப் பத்து நாள் வைத்திருந்தது. குசினியில் தேங்காய் துருவும்போதும், பஸ்ஸில் கன்னியாவுக்குப் போகும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேஸைக் கேட்கத் தொடங்கியபோதுதான் என்னுடைய உண்மையான கோளாறு தெரிந்தது. பரதம் படித்த காது சமத்தை, அதாவது ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தை, தேடும். சமத்தில் எல்லாம் வந்து விழ வேண்டும் என்று எதிர்பார்க்கும். சல்சாவின் பேஸ் வழக்கமாக அந்த இடத்தில் அடிப்பதில்லை. இரண்டரையில் ஒன்று, நாலில் ஒன்று, பிறகு ஆறரையில் ஒன்று, எட்டில் ஒன்று. எட்டில் விழுந்த நாதம் அடுத்த ஆவர்த்தனத்தின் ஒன்றைத் தாண்டி நீண்டு நிற்கும். வரப்போகும் சுருதிக்கூட்டை (கோர்ட்) ஒரு எண்ணிக்கை முன்னதாகவே அது தொட்டுவிடுகிறது. அறிமுறைப் பரீட்சைக்கு நாங்கள் பாடமாக்கிய அதீத எடுப்பு நினைவுக்கு வருகிறதா? தாளத்துக்கு முன்னமே பாட்டு தொடங்குவது. பன்னிரண்டு வயதில் ஒப்புவித்துப் புள்ளி வாங்கிய அந்த வரியை என் உடம்பு முதன்முதலாக உணர்ந்தது, ஒரு மழைநாள் இரவில், இந்தப் பேஸைக் கேட்டபோதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு 4உம் 8உம் எனக்கு வெறும் தங்கல்களாக இல்லை. அங்கேதான் பேஸ் விழுகிறது. காங்கா என்ற கைமேளத்தின் இரண்டு திறந்த அடிகளும், “டும்-டும்” என்று, நாலிலும் நாலரையிலும் அங்கேதான் வருகின்றன. கால் அசையாத அந்த நேரத்தில் உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றதுக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நான் அங்கே மரம்போல நின்றிருந்தேன்.

பாட்டின் அமைப்பும் முக்கியம். முன்பாதியில் பாடகர் கதை சொல்வார், வாத்தியங்கள் அடங்கியிருக்கும். அங்கே அடிப்படை ஸ்டெப்பே அழகு. பிறகு மொந்துனோ என்ற பகுதி வரும். அதுவரை பொங்கோ என்ற சின்ன இரட்டை மேளம் வாசித்தவர் அதை வைத்துவிட்டுப் பெரிய மணியைக் கையில் எடுப்பார், அந்த மணிச்சத்தம்தான் அடையாளம். குழுவினர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் ஒவ்வொரு தடவையும் வேறொன்றைச் சொல்லுவார். தேர் இழுக்கும்போது ஒருவர் விதம்விதமாகக் குரல் கொடுக்க, சனம் “அரோகரா” என்று ஒன்றாகப் பதில் சொல்லுவதுபோல. சுற்றுகளையும் வேகத்தையும் இந்தப் பகுதிக்கு வைத்திருங்கள். எல்லா வாத்தியமும் சேர்ந்து நிறுத்தும் பிரேக் வந்தால், ஜதியின் தீர்மானத்துக்குக் காத்திருப்பதுபோல முன்கூட்டியே காத்திருங்கள். ஒரே பாட்டை ஒரு மாதம் கேட்டவருக்கு அது எப்போது வரும் என்று தெரிந்திருக்கும்.

ஊர்க் கலியாணங்களில் பைலா ஆடி வளர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைலா ஆறு-எட்டு நடை, எங்கள் கணக்கில் திஸ்ரம், மூன்று மூன்றாகப் போவது. சல்சா சதுஸ்ரம், நாலு நாலாகப் போவது. சந்தோசம் கூடினால் இடுப்பு தன்பாட்டில் பைலாவுக்குப் போய்விடும்.

ஒன்றில் தொடங்கி ஆடுவதா, சல்சா ஆசிரியர் எடி டொரஸ் நியூயோர்க்கில் கற்பித்துப் பரப்பியதுபோல் இரண்டில் ஆடுவதா என்று ஆட்கள் நிறைய விவாதிப்பார்கள். கிளாவே காதில் ஏறும் வரை அந்தப் பேச்சுக்குப் போகாதீர்கள்.

தை பிறந்து மழை குறைந்ததும் டச்சு விரிகுடாக் கரையில் தங்கையோடு பழகினேன். இயர்போனில் ஆளுக்கொரு பக்கம், அலை வந்து போன ஈரமணல், வெறுங்கால். ஒரு பாட்டுக்கு அடிப்படை ஸ்டெப் மட்டும் ஆடி, விலகி நின்று தடங்களைப் பார்ப்போம். முதல் நாள் என் தடங்களில் குதி ஆழமாகப் பதிந்திருந்தது. தட்டடவு பழகிய கால், தட்டு விழும் எண்ணிக்கைகளில் ஓங்கி மிதித்திருக்கிறது. தங்கை பரதம் படிக்காதவள். அவளுடைய தடங்களில் முன்பாதம் முதலில் அழுந்தி, குதி லேசாகத்தான் தொட்டிருந்தது. என்னுடைய தடம் அப்படி மாற மாசி முடிந்தது.