நாகலூர் செம்மண்ணில் ஃபோர் வீல் பழகியது

மூன்று வருஷம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் பிக்கப் வாங்கினேன். லீவரைப் போட்டால் பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களையும் இன்ஜின் சுற்றும் வண்டி. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு உள்ளே 2 கிலோமீட்டர் செம்மண் பாதை. கோடையில் எந்த வண்டியும் போய்விடும். ஆனால் காப்பிப் பழம் எடுப்பது கார்த்திகை, மார்கழியில். மழை அப்போதும் முழுசாக விட்டிருக்காது. நனைந்த அந்தச் செம்மண், விளக்கெண்ணெய் ஊற்றினது போல வழுக்கும்.

வண்டியை விற்றவர் சாவி கொடுக்கும்போது, "மலை ஏறுனா ஃபோர் வீல் போட்டுக்கங்க, அவ்வளவுதான்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

முதல் சீசனில் ஒருநாள் மூட்டை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து கிளம்பினேன். லீவர் 4H-இல், அதாவது நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலையில் இருந்தது. சேற்றில் வண்டி அருமையாக வந்தது. தார் ரோடு ஏறிய பிறகும் மாற்றவில்லை, மலைதானே என்று விட்டுவிட்டேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஏரியைத் தாண்டி, சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் வளைவை ஒடித்தபோது ஸ்டியரிங் கனத்துப் போனது. யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது மாதிரி வண்டி திணறியது. அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம், கூடவே டயர் தேயும் சத்தம். இரண்டு வளைவு தாண்டி ஓரம்கட்டி, லீவரை 2H-க்கு, அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்குத் தள்ளினேன். லீவர் வந்தது, ஆனால் டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு அணையவில்லை.

மாமாவுக்கு போன் போட்டேன். அவர் ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டியே காலம் கழித்தவர். "மாப்ளே, பதறாத. பின்னால வண்டி வருதான்னு பாத்துட்டு, ஸ்டியரிங்க நேரா வெச்சு நாலடி ரிவர்ஸ் எடு" என்றார். எடுத்தேன். அடியில் 'டொக்' என்றது, விளக்கு அணைந்தது. மீதி வளைவுகளில் ஸ்டியரிங் பழையபடி லேசாகத் திரும்பியது.

அடுத்த வாரம் மாமா தோட்டத்துக்கு வந்தார். ஈரக் களத்தில் வண்டியை முழுசாக ஒடித்து ஒரு திருப்பு திருப்பச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் சக்கரத் தடங்கள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. முன் சக்கரத் தடம் வெளியே, பின் சக்கரத் தடம் உள்ளே. முன் தடத்தின் மேல் அடிமேல் அடி வைத்து நடந்தார், 22 அடி. பின் தடம் 19 தான். "முன்னாடி போற சக்கரம் அதிக தூரம் சுத்தணும். நீ ஃபோர் வீல் போட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒரே கட்டா பூட்டிருது. அந்த மூணடி எங்க போகும் சொல்லுங்க மாப்ளே?"

விஷயம் அதுதான். எங்கள் வண்டி மாதிரி பிக்கப்பில், ஃபோர் வீல் போட்டால் முன், பின் ஆக்சிலுக்கு நடுவே வேகத்தைப் பிரித்துக் கொடுக்க எதுவும் கிடையாது. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் டயர் பிடித்துக்கொள்வதால் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுக்க ஷாஃப்ட்டிலும், முன், பின் சக்கரங்களுக்கு இன்ஜின் சக்தியை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டியிலும் ஏறும். அன்று நாலடி ரிவர்ஸ் எடுத்தபோது தளர்ந்தது இந்த முறுக்குதான். மலையா சமவெளியா என்பது கணக்கே இல்லை, தரை வழுக்குகிறதா என்பதுதான் கணக்கு. நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டியதும் இதனால்தான். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்று போட்டால் நேர் ரோட்டிலும் முறுக்கும்.

அன்றே இன்னொன்றும் கற்றேன். எங்கள் களத்துக்குக் கீழே ஒரு செங்குத்துச் சரிவு உண்டு. 50 கிலோ மூட்டை 15 ஏற்றி அதில் இறங்குவது எனக்கு எப்போதும் பயம். சரிவின் பாதியில் நிறுத்தி 4L (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு சுற்றும் நிலை) போடுவதுதான் என் வழக்கம் என்றேன். மாமா முகம் மாறிவிட்டது. 4H-இலிருந்து 4L-க்குப் போகும்போது என் வண்டியில் நடுவில் நியூட்ரல் வருகிறது. அந்த இடத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. முதல் கியரில் இருந்தாலும் வண்டி நிற்காது, பிரேக் மட்டும்தான் பிடிக்கும். அதனால் சரிவுக்கு முன்னால் சமதரையில், வண்டியை முழுசாக நிறுத்தி, கிளட்சை மிதித்து 4L போட வேண்டும்.

பிறகு முதல் கியரில் விட்டு, கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுக்கச் சொன்னார். வேகம் பாதிக்கும் கீழே குறைந்தது, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கியது. என் கால் தானாகக் கிளட்சுக்குப் போகும்போதெல்லாம் மாமா முழங்காலில் தட்டினார். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஃபோர் வீல் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது கிளம்பவும் ஏறவும்தான் உதவும். சேற்றில் நிறுத்துவது டயர் பாடு.

காலி வண்டியில் எச்சரிக்கை அதிகம் தேவை. பிக்கப்பின் பின்பக்கம் லேசு, அதனால் பின் சக்கரம் சீக்கிரம் சுழன்றுவிடும். மாட்டிய பிறகு ஃபோர் வீல் போட்டால் பாதி நேரம் பயனில்லை, அதற்குள் சக்கரம் குழி தோண்டிவிட்டிருக்கும். சேறு தெரிந்ததுமே போட வேண்டும். ஒரு முன் சக்கரமும் எதிர்ப்புறப் பின் சக்கரமும் பிடி விட்டால் ஃபோர் வீலிலும் வண்டி நகராது. ஒருமுறை அப்படி நின்று, மண்வெட்டியும் சவுக்குக் கட்டையும் வைத்து எடுத்தோம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆழம்தான் கூடியது.

மழை இல்லாத மாசங்களிலும் ஒரு தடவையாவது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டிவிடுகிறேன். உள்ளே ஆயில் ஓடும், லீவர் இறுகாது. மாமா காலத்து ஜீப்பில் ஃபோர் வீல் போட, முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கீழே இறங்கிக் கையால் திருப்ப வேண்டுமாம். சேற்றில் உட்கார்ந்து திருப்பியவருக்கு, லீவர் தள்ளச் சோம்பல்படுகிற என் மேல் கோபம் வந்ததில் நியாயம் உண்டு.

எங்கள் பாதை தார் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு பலாமரம் நிற்கிறது. இப்போது அதன் அடியில் நிறுத்தி, லீவரை 2H-க்குத் தள்ளி, நாலடி ரிவர்ஸ் எடுத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் தார் ரோட்டில் ஏறுகிறேன்.