கொத்தடிமை மீட்பு: விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரும் வரை

செங்கல் சூளையிலிருந்து ஒரு குடும்பத்தை வண்டியில் ஏற்றிவிட்டாலே மீட்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கொத்தடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால், ஆவணங்களைப் பொறுத்தவரை அவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், அவ்வளவுதான். சில நாளில், கொடுத்த முன்பணத்தைக் கேட்டு, சூளைக்கு ஆள் சேர்த்துவிட்ட மேஸ்திரி வாசலில் வந்து நிற்பார். அதனால் மனு எழுதும்போதே அந்தத் தாளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறோம்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ (ஆர்டிஓ) கொடுக்க வேண்டும். நகல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லிவிடுவது நல்லது. சூளை எங்கே இருக்கிறது, கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவரின் பெயர், வயது, எந்த மாதம் யார் மூலம் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் அது கூலித் தகராறாகப் பதிவாகிவிடும். விஷயம் வெளியே கசிந்தால், அதிகாரிகள் போய்ச் சேருவதற்குள் குடிசைகள் காலியாகியிருக்கும்.

உண்மையில் எல்லாம் முடிவாவது அதிகாரிகள் நடத்தும் விசாரணையில்தான். சூளை ஆபீஸில், முதலாளி எதிரில் உட்கார வைத்து “அடிச்சாங்களா? கட்டி வச்சாங்களா?” என்று கேட்டால், “இல்லை சார்” என்றுதான் பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கேட்கவே இல்லை. முன்பணம் வாங்கியதற்காக நான்கில் ஒன்றை இழந்திருந்தால் போதும்: முறையான கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பின் விளைவைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. முன்பணமே வாங்கவில்லை என்று முதலாளி சாதித்தால் 1983 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் பந்துவா முக்தி மோர்ச்சா தீர்ப்பைக் காட்டுவோம். கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது.

எனவே விசாரணையை வேறு இடத்தில், தனித்தனியாக நடத்தச் சொல்வோம். கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. வாரச் செலவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? ஆயிரம் கல் அறுத்தால் கணக்கில் எவ்வளவு கழிகிறது, அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது? சொந்தத்தில் ஒரு சாவு என்றால் எல்லோரும் போக முடியுமா? “ஒருத்தர் இங்கயே இருக்கணும், மத்தவங்க போலாம்” என்று ஒரு பெண் சொல்லும் இடத்தில் வழக்கே அடங்கியிருக்கிறது. அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வைக்க வேண்டும்.

நடுவில் ஒரு சமரசப் பேச்சு வரும்: “கணக்கை முடிச்சு அனுப்பிடறேன், கேஸ் வேண்டாம்.” கேட்க நல்லதாகத்தான் இருக்கும், ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் கிடைப்பது கடினம். இன்னொரு கோளாறு, முன்பணத்தை ஜோடிக்கு இவ்வளவு என்று கொடுப்பதால் சான்றிதழையும் கணவன் பெயரில் மட்டும் எழுதிவிடுவார்கள். வேலை செய்த ஒவ்வொருவருக்கும், பெண்ணுக்கும் பிள்ளைக்கும், தனித்தனியாக வாங்காமல் ஊருக்கு பஸ் ஏறக் கூடாது.

எஃப்ஐஆரில் 1976 சட்டத்தை மட்டும் போட்டால் ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகவே நிற்கும். ஆள் கடத்தலுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 143ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவம் என்றால் அது இந்திய தண்டனைச் சட்டம் 370. “இவங்களா விரும்பித்தானே வந்தாங்க, இதுல கடத்தல் எங்க?” என்று ஸ்டேஷனில் கேட்பார்கள். ஏமாற்றியோ பணம் கொடுத்து இணங்க வைத்தோ ஆள் சேர்த்துச் சுரண்டினாலும் கடத்தல்தான், சம்மதம் பொருட்டல்ல என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, குற்றம் செய்தவர் அந்தப் பிரிவினர் இல்லை என்றால், கொத்தடிமை வேலை வாங்குவதைத் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்) கட்டாயம்.

அடுத்தது மறுவாழ்வுத் தொகை. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, அதற்கு வழக்கு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. முழுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள் கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் 3 லட்சம். அது வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால், 1976 சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி சுருக்க விசாரணை (சீக்கிரம் முடிக்கும் எளிய முறை விசாரணை) நடத்தக் கோரி ஆரம்பத்திலேயே தனி மனு போட்டுவிட வேண்டும். பணம் மாதக்கணக்கில் தேங்குவதற்குப் பெரும்பாலும் பாஸ்புக்தான் காரணம்: நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு, ஆதாரில் ஒரு பெயர் வங்கியில் ஒரு பெயர். ஊர் வந்ததும் முதல் வேலையாக இதைச் சரிசெய்யுங்கள்.

பழைய முன்பணத்தைக் கேட்டு யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அதே 1976 சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அந்தக் கடன் இல்லை. வாங்கிக்கொள்வதே 9ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சான்றிதழை நான்கைந்து நகல் எடுத்து ஒன்றை விஏஓவிடமும் ஒன்றைக் காவல் நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.