எஸ்பிளனேட் பூங்காவில் ஐந்து கேள்விகள்

நம் வரலாற்று ஐயா மறைந்ததை ஒட்டி, பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுதுவதென்றால் சிங்கப்பூரில் போர்ச்சின்னங்கள் நிற்கும் எஸ்பிளனேட் பூங்காவைப் பற்றித்தான் எழுத வேண்டும். உயர்நிலை மூன்றில் அங்கே போகாமல் தப்பித்தவர் யாரும் இல்லை. பஸ், வரிசை, வெயில், கடைசியில் சுட்ட இறைச்சிக் கடைகளான சாத்தே கிளப் பக்கமிருந்து வரும் புகை. மற்றதை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள்.

நினைவுச்சின்னத்தைப் பார்க்க ஐயாவிடம் ஒரு முறை உண்டு. முதலில் சுற்றி வர வேண்டும். எல்லாப் பக்கமும் பார்க்காமல் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. உச்சி வெயிலில் வெண்கலப் பலகை கண்ணைக் கூசும், எழுத்து தெரியாது. காலையோ மாலையோ சாய்வெயிலில்தான் படிக்க வேண்டும். பிறகு ஐந்து கேள்விகள். கல் நாட்டியவர் யார்? திறந்துவைத்தவர் யார்? பணம் யாருடையது? யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை? கடைசிக் கேள்விக்கு மட்டும் இரட்டை மதிப்பெண்.

போரில் மாண்டவர்களுக்கான நினைவுத்தூணான செனடாஃபில் முதல் நான்கும் சுலபம். 1920 நவம்பர் 15 அன்று ஆளுநர் கில்லமார்ட் அடிக்கல் நாட்டினார். பிரான்சின் முன்னாள் பிரதமர் கிளெமன்சோ உடன் இருந்தார். 1922 மார்ச் 31 அன்று வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் டெனிஸ் சான்ட்ரி. முதல் உலகப் போரில் மாண்ட 124 பேர் பெயர் அதில் உண்டு. இரண்டாம் போருக்கென்று தனிச்சின்னம் எழுப்பவில்லை. அதே கல்லின் மறுபக்கத்தில் ஆண்டுகளைப் பொறித்து, நாம் வாழ அவர்கள் மடிந்தார்கள் என்ற பொருளில் நான்கு மொழியில் ஒரு வரி சேர்த்தார்கள்.

அந்தத் தமிழ் வரியைக் கண்டதும் வகுப்புக்கே பெருமை தாங்காது. யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "ஐயா, தமிழ் இருக்கிறது!" என்பார். ஐயா அதற்காகவே காத்திருப்பார். "மொழி இருக்கிறது. பெயர் எங்கே?" வகுப்பு முழுவதையும் மறுபடி சுற்றி வரச் செய்வார். இல்லாத பெயரைத் தேடிக் கருங்கல்லைச் சுற்றுவதைவிட வெட்கக்கேடு அந்த வயதில் வேறில்லை. பதில் கிராஞ்சி போர் நினைவகத்தில் இருந்தது. 1957இல் திறக்கப்பட்ட அந்த நினைவகச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. இந்தியப் படைகளின் பெயர்ப்பட்டியலும் அங்கேதான்.

தான் கிம் செங் நீரூற்றை ஐயா ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவார், அது போர்ச்சின்னம் அல்ல என்பதால். நல்ல தண்ணீர்த் திட்டத்துக்கு 1857இல் 13,000 டாலர் கொடுத்தவரின் ஞாபகமாக 1882இல் ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் வைத்து, 1925இல் இங்கே கொண்டுவந்த வார்ப்பிரும்பு. நன்கொடை கொடுத்த கையோடு தண்ணீர் வந்துவிடவில்லை, திட்டம் சொதப்பியது என்பதை மட்டும் ரசித்துச் சொல்வார்.

லிம் போ செங் நினைவகத்தில் குரல் தாழும். ஜப்பானியருக்கு எதிராக இயங்கிய பிரிட்டிஷ் ரகசியப் படை ஃபோர்ஸ் 136இன் ஆள். பிடிபட்டு, யாரையும் காட்டிக்கொடுக்காமல் 1944 ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். சரியாகப் பத்து ஆண்டு கழித்து அதே தேதியில் திறந்தார்கள். எண்கோணக் கோபுரம், நான்கு வெண்கலச் சிங்கங்கள், நான்கு பலகைகள். ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), தமிழ். தமிழ்ப் பலகையை உரக்கப் படிக்க வேண்டும். திக்கினால் முதலிலிருந்து.

அதன்பிறகுதான் வெறும் புல். இத்தனையும் அந்தப் புல்லுக்கு முன்னுரைதான் என்பது அப்போது நமக்குப் புரியவில்லை.

1945 ஜூலை 8 அன்று அங்கே, ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் மாண்ட வீரர்களுக்கு சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் அதில் இருந்தன. ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. உடனே நேசப்படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் உத்தரவில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெடி வைத்தவர்களும் இந்தியச் சிப்பாய்களே, பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவினர். 1922இல் இளவரசரின் பரிவாரத்தோடு இதே ஊருக்கு வந்த இளம் அதிகாரியும் அந்த மவுண்ட்பேட்டன்தான் என்று ஐயா சேர்த்துச் சொல்வார். கட்டி இரண்டு மாதம்கூட ஆகாததை இடிக்க ஏன் அத்தனை அவசரம் என்று கேட்பார். விசுவாசம் மாறிய சிப்பாய்க்குக் கல் இருந்தால் அடுத்த சிப்பாய் அதைப் படிப்பான். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தமிழர் ஏராளம். ஐந்தாவது கேள்விக்கு நாம் எழுத வேண்டிய விடை அதுதான். ஜப்பானியர் தோளில் ஏறிய படை அது என்பதையும் எழுதாதவருக்கு ஐயா பாதி மதிப்பெண்தான் போட்டார்.

1995இல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில் தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தை அடையாளப்படுத்தியது; சிங்கப்பூர் இந்தியர்களும் நன்கொடை கொடுத்தார்கள். அதற்குள் நம்மில் பாதிப் பேர் பெர்த், லண்டன், டொரொண்டோ என்று குடியேறிவிட்டோம். ஐயா செய்தியைச் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். அந்தக் காலாண்டு இதழில் இடமில்லையென்று தள்ளிவைத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். செனடாஃப், நீரூற்று, லிம் போ செங் நினைவகம் மூன்றும் 2010இல் தேசியச் சின்னங்களானபோது அவர் நமக்கு எழுதவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் மூன்றோடு திரும்பிவிட வேண்டாம். ஸ்டாம்ஃபர்ட் சாலையைக் கடந்தால் போர் நினைவுப் பூங்கா. அந்த நான்கு தூண்களுக்கு அடியில் 606 தாழிகளில் பொதுமக்களின் எலும்புகள். ஜப்பானிய ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகள் 1962இல் சிக்லாப்பில் அகப்பட்ட பிறகு எழுந்தது, 1967 பிப்ரவரி 15 அன்று திறந்தது. அங்கே ஒரு பெயரும் கிடையாது. ஐயா அதைப் பாடத்தில் சேர்க்கவில்லை. நேரம் போதாது, பிள்ளைகள் பசியில் இருக்கிறார்கள் என்பார்.